டார்வின் பெருமகனாரும் கடல் கடந்த தூசியும்

விழுப்புரத்துக்கு அணித்தாயுள்ள காணை என்னும் சிற்றூர் எம்மூர். ஆடித் திங்களில் மேல்காற்று எழுந்துவிடின், எம்மூர்த் தெருவில் நடப்பார் புறங்கையாற் கண்ணை மறைத்துக்கொண்டே நடத்தல் வேண்டும். காலையிற் கழுவித் துடைத்த திண்ணையில், மாலைக்குள் விரலால் எழுத்தெழுதும்படி புழுதி படிந்துவிடும். எம் பாட்டியார் அதனைத் துடைப்பத்தாற் பெருக்கும்போதெல்லாம், இஃது எவ்வூர் மண்ணோ, யார் வீட்டுக் கொல்லையோ என்று தமக்குள் வியந்துகொள்வார். யாம் அதனைக் கேட்டு நகைப்பதுண்டு. மண் எங்கிருந்து வந்தால் என்ன, பெருக்கித் தள்ளுவது ஒன்றே செயலன்றோ என்பது எம் எண்ணம். கல்லூரி நூலகத்திற் சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கிலப் பேரறிஞரின் கடற்பயண வரலாற்றைப் படிக்கப் புகுந்த பின்னரே அந்நகைப்பு அடங்கிற்று. பாட்டியார் திண்ணையிற் கேட்ட அதே வினாவை, அவர் தம் இருபத்திரண்டாம் அகவையில் ஒரு கப்பலின் மேற்றளத்தில் நின்று கேட்டிருக்கின்றார். கேட்டதோடு அமையாது, பதின்மூன்று ஆண்டுகள் அதனை மறவாதிருந்து விடையும் எழுதியிருக்கின்றார்.

டார்வினாரின் பெயரைக் கேட்டவுடன் குரங்கையும் மனிதனையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். அவர் எழுதிய பெருநூலைப் பற்றியும் அதனால் எழுந்த பூசல்களைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதிவிட்டனர். யாம் ஈண்டு அவர் வாழ்வை ஒரு சிறு பொட்டலம் தூசியின் வழியே சொல்ல முயல்கின்றோம். பொருள் சிறிதென்று படிப்போர் முனியாதிருப்பாராக.

சார்லஸ் டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ராபர்ட் டார்வின், செல்வமும் செல்வாக்கும் மிக்க மருத்துவர். பாட்டனார் எராஸ்மஸ் டார்வினும் மருத்துவரே, அவர் பாவலருமாவார். தாயார் சார்லஸின் எட்டாம் அகவையிலேயே இறந்துபட்டார். பள்ளிப்படிப்பில் இச்சிறுவர் சிறந்து விளங்கினாரல்லர். வேட்டையிலும் நாய்களிலும் எலி பிடித்தலிலும் பொழுது கழிப்பதைக் கண்ட தந்தையார், இவனால் குடும்பத்துக்கே இழுக்கு நேருமென்று சினந்து கூறினார் என்பர். பின்னர்த் தம் தொழிலையே மகனும் பயிலட்டுமென்று 1825-ஆம் ஆண்டு எடின்பரோ நகருக்கு அனுப்பினார். நோயாளியை மயக்கும் மருந்துகள் அக்காலத்தில் வழக்கிற்கு வரவில்லை. கண்முன்னே ஒரு குழந்தையை அறுத்தலைக் கண்ட சார்லஸ், அறுவை முடியுமுன்னரே அறையைவிட்டு ஓடினார். பின்னர் அப்பக்கம் திரும்பினாரல்லர். எடின்பரோவில் அவர் ஆர்வத்தோடு கற்றது, அடிமை வாழ்வினின்று விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கருநிறத்தவரிடம் பறவைகளின் தோலைப் பாடம் செய்து வைக்கும் கலையேயாம்.

மருத்துவம் கைகூடாதெனக் கண்ட தந்தையார், மகனைக் குருத்தொழிலுக்கு ஆயத்தமாக்க 1828-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிறிஸ்து கல்லூரியிற் சேர்ப்பித்தார். அப்பொழுது அவருக்குப் பத்தொன்பதாம் அகவை நடந்துகொண்டிருந்தது. எமக்கும் இப்பொழுது அவ்வகவையே. தமிழ் படித்து என் செய்யப் போகிறாய் என்று உறவினர் எம்மை வினவுந்தோறும், தந்தை வகுத்த இரண்டு வழிகளிலும் உள்ளம் செல்லாது வண்டு பிடித்துத் திரிந்த அவ்விளைஞரின் நினைவே எமக்கு வருகின்றது. வண்டு பிடித்தல் என்பது மிகையன்று. ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தென்பட, கைக்கொன்றாகப் பற்றிக்கொண்டார். மூன்றாவதொன்று தோன்றவே, அதனையும் விட மனமின்றி, வலக்கை வண்டை வாயிற் போட்டுக்கொண்டார். அது நாவைச் சுடும் நீரைக் கக்கியதனால், வாயிலிருந்ததும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

கேம்பிரிட்ஜில் தாவரநூற் பேராசிரியராயிருந்த ஹென்ஸ்லோ என்பார் இவ்விளைஞரை நாடோறும் உடன் அழைத்துச் சென்று உலவுவார். ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் தென்னமெரிக்கப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்துச் சார்லஸ் மனம் பறிகொடுத்திருந்த காலம் அது. அதிற் சொல்லப்பட்ட டெனரீப் தீவைத் தாமும் காணவேண்டும் என்று தோழர்களை வருத்தி, ஸ்பானிய மொழியும் கற்கத் தொடங்கினார். இந்நிலையில் 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கட் கடையில், ஹென்ஸ்லோவின் கடிதமொன்று வந்தது. தென்னமெரிக்கக் கரையை அளக்கச் செல்லும் பீகிள் என்னும் அரசாங்கக் கப்பலின் தலைவர் பிட்ஸ்ராய் என்பார், தமக்குத் துணையாக இயற்கைப்பொருள் ஆராய்ச்சியில் விருப்பமுள்ள ஒருவரை நாடுகின்றார் என்பது செய்தி. தந்தையார் உடன்பட்டிலர். அறிவுடையார் எவரேனும் இதனைத் தக்கதென்பாராயின் யானும் இசைவேன் என்று மட்டும் ஒரு வாயில் திறந்து வைத்தார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் அவ்வாயிலிற் புகுந்து, மருகனுக்காக வழக்காடி வென்றார். கப்பற்றலைவருக்கோ வேறோர் ஐயம். முகக்குறி நூலில் நம்பிக்கையுடைய அவர், டார்வினின் மூக்கைப் பார்த்து, இம்மூக்குடையார்க்குப் பயணத்துக்கு வேண்டும் உறுதி இராதென எண்ணினாராம். மூக்கையும் பொறுத்துக்கொண்டு அவர் இசைந்தமையாலன்றோ உலகிற்கு ஒரு பேரறிஞர் கிடைத்தார்!

1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பீகிள் இங்கிலாந்தின் கரையை நீங்கிற்று. அக்கப்பல் தொண்ணூறடி நீளமே உடையது. கடல் சற்றே அலைந்த பொழுதெல்லாம் டார்வினார் தலை தூக்க இயலாது உலர்ந்த திராட்சையைத் தின்று படுத்துக் கிடந்தார். நெடுநாள் கனவு கண்ட டெனரீப் தீவை 1832 ஜனவரி 6-ஆம் நாள் கண்ணுற்றார். காண மட்டுமே கிடைத்தது. இங்கிலாந்திற் காலரா நோய் பரவியிருந்தமையால், பன்னிரண்டு நாள் விலகியிருந்தாலன்றிக் கரையிறங்கலாகாதெனத் தீவினர் தடுத்துவிட்டனர். பிட்ஸ்ராய் காத்திருக்க விரும்பாது பாய் விரித்தார். அடுத்த இடம் ஆப்பிரிக்காவின் மேற்கே, கரையினின்று ஏறக்குறைய 350 மைல் தொலைவிற் கிடக்கும் கேப் வெர்டே தீவுகள்.

ஜனவரி 16-ஆம் நாள், அத்தீவுகளுள் ஒன்றான சாண்டியாகோவின் துறையிற் பீகிள் நங்கூரமிட்டது. வானம் மூடுபனி போர்த்தாற்போல் மங்கிக் கிடந்தது. ஆனால் அது பனியன்று. கண்ணுக்குத் தோன்றாத மிக நுண்ணிய தூசி ஓயாது வீழ்ந்துகொண்டிருந்தது. வான்மீன்களை நோக்கும் கருவிகளைக்கூட அது சிறிது பழுதாக்கிவிட்டது. கப்பலோட்டிகளுக்கு இது புதிதன்று. தளத்தைக் கழுவினர், தம் வேலையைப் பார்த்தனர். டார்வினாரின் கண்ணோ பாய்மரத்தின் உச்சிக்குச் சென்றது. காற்றின் திசைகாட்டியிற் கட்டியிருந்த சல்லாத் துணி, வீசுங்காற்றை வடிகட்டியதுபோற் பழுப்புநிறத் தூளைத் தன்மேல் ஏற்று வைத்திருந்தது. துறையை அடையுமுன் அற்றைநாட் காலையிலேயே அதனைத் தட்டிச் சேர்த்து, ஒரு சிறு பொட்டலமாக மடித்து வைத்துக்கொண்டார். பெரும் பயணத்தில் முதன்முதற் கால்வைத்த வெப்பநாட்டுத் தீவு அது. தென்னையும் வாழையும் புளியும் ஆரஞ்சும் அவர் கண்ணை மயக்கின. கடற்பாறையில் வெள்ளைக்கோடு போலச் சிப்பிகள் படிந்திருந்த அடுக்கொன்றைக் கண்டு, நிலநூலில் தாமும் ஒரு நூல் எழுதலாம் என்ற துணிவு பெற்றதும் அங்கேயே. இத்துணை மகிழ்ச்சிக்கும் இடையே, கப்பலார் துடைத்தெறிந்த அழுக்கை ஒருவர் பொதிந்து வைப்பதென்றால், அவர் இயல்பு எத்தகையது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லுதும். ஐந்தாண்டுக்குச் சிறிது குறைந்த அப்பயணத்தில் பெரும்பகுதியை அவர் கரையிலேயே கழித்தார். கலாபகஸ் தீவுகளில் 1835-ஆம் ஆண்டு கண்ட ஆமைகளையும் பறவைகளையும் அறியாதார் இலர். அதே ஆண்டு ஆண்டிஸ் மலைத்தொடரில் உஸ்பல்லாட்டா என்னுமிடத்தில், கல்லாய் மாறிய மரங்கள் நின்றவாறே நிற்கக் கண்டார். எம் விழுப்புரம் வட்டாரத்திலுள்ள திருவக்கரையிற் கல்மரங்களைப் பார்த்திருப்போர்க்கு அக்காட்சி எளிதில் மனத்தில் எழும். திருவக்கரை மரங்கள் வீழ்ந்து கிடப்பன, அவர் கண்டவை நின்றன என்பதே வேற்றுமை. 1836 ஏப்ரலில் நம் இந்துமாகடலிலுள்ள கீலிங் என்னும் பவளத் தீவுகளை அடைந்தார். அங்கு வளர்ந்திருந்த செடிகொடிகள் மிகச் சிலவே. அவையும் கடலில் மிதந்து வந்த வித்துக்களினின்று முளைத்தவை என்று கண்டார். நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் ஒரு தீவிற்கு உயிர்கள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு அகலாதாயிற்று. அவ்வினாவும் தூசிப் பொட்டலமும் ஒன்றையொன்று தழுவியவை என்பது சிறிது பின்னர் விளங்கும்.

1836 அக்டோபர் 2-ஆம் நாள் தாயகம் திரும்பினார். 1839-இல் மாமன் மகள் எம்மாவை மணந்தார். 1842-இல் லண்டனை விட்டுக் கென்ட் நாட்டுப்புறத்தில் டவுன் என்னும் சிற்றூரிற் குடியேறினார். காரணம் தெரியாத ஒரு நோய் அவரை ஆட்டிப் படைத்தது. ஒரு நாளில் சில மணிநேரமே வேலை செய்ய இயன்றது. எனினும் அவர் பொட்டலத்தை மறந்தாரல்லர். நிலநூல் வல்லுநரும் நண்பருமாகிய லயல், அத்தீவுகளுக்கு வடக்கே சில நூறு மைலில் ஒரு கப்பலின்மேல் வீழ்ந்த தூசியில் நான்கு பொட்டலங்களை அவருக்குத் தந்தார். ஐந்தையும் டார்வினார் பெர்லின் நகரத்து எரன்பர்க் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். எரன்பர்க் நுண்ணோக்கியின் வழியே காணும் சிற்றுயிர்களை ஆராய்வதில் அக்காலத்து இணையற்றவர். இளமையில் எகிப்திலும் செங்கடற்கரையிலும் ஐந்தாண்டு திரிந்தவர். ஆகவே ஆப்பிரிக்க மண்ணை நேரில் அறிந்தவர்.

எரன்பர்க் கண்டு சொன்னவை வியப்புக்குரியன. வெறும் மண்ணென்று எண்ணிய அத்தூசியின் பெரும்பகுதி, சிலிக்கா ஓடுடைய நுண்ணுயிர்களும் செடிகளின் நுண்ணிய துணுக்குகளுமாக இருந்தது. ஐந்து சிறு பொட்டலங்களில் அவர் எண்ணிய வடிவங்கள் 67. நுண்ணுயிர்களுள் இரண்டொழிய ஏனைய யாவும் கடல்நீரில் வாழ்வன அல்ல, நன்னீரில் வாழ்வன.

டார்வினார் இதற்கிடையே பழைய பயணக் குறிப்புக்களைத் துருவி, அட்லாண்டிக் கடலில் வெகுதொலைவிற் சென்ற கப்பல்களின்மேல் தூசி வீழ்ந்த செய்திகள் பதினைந்தைத் திரட்டினார். கரைக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அது வீழ்ந்திருக்கின்றது. மாலுமிகளின் கண்களை உறுத்தியிருக்கின்றது. வானத்தை மறைத்து, கப்பல்கள் கரைதட்டவும் காரணமாயிருக்கின்றது. அது வீழ்ந்த நாட்களில் எல்லாம் காற்று ஆப்பிரிக்கப் பக்கத்தினின்றே வீசியது. வீழ்ந்த திங்கள்கள், ஹார்மட்டான் என்னும் வறண்ட பாலைக்காற்று புழுதியை வானளாவ எழுப்பும் திங்கள்களே. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கி, இத்தூசி ஆப்பிரிக்காவினின்றே வருகின்றது என்று அவர் முடிவு கட்டினார். 1845-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லண்டன் நிலநூற் கழகத்தில் இது படிக்கப்பெற்று, மறுவருடம் அச்சாயிற்று. கட்டுரை சில பக்கங்களே.

அக்கட்டுரையின் முடிவைக் காட்டிலும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆப்பிரிக்காவுக்கே உரிய நுண்ணுயிர்கள் பலவற்றை எரன்பர்க் அறிந்திருந்தும், அவற்றுள் ஒன்றேனும் இத்தூசியில் இல்லை. மாறாக, தென்னமெரிக்காவில் மட்டுமே வாழ்வனவென்று அவர் அறிந்திருந்த இரண்டு இதில் இருந்தன. இது டார்வினாரின் முடிவுக்கு நேர்ப்பகையான சான்று. காற்றோ கிழக்கினின்று வருகின்றது. தென்னமெரிக்காவோ மேற்கே கிடக்கின்றது. வழக்காடுவோன் ஒருவன் இதனை மறைத்திருப்பான். அன்றேல் எரன்பர்க் பிழை செய்தார் என்று தள்ளியிருப்பான். டார்வினார் இரண்டும் செய்யவில்லை. தம் முடிவையும் எழுதினார். அதற்கு மாறான சான்றையும், விளங்காத புதுமையென்று அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தார். தேர்வுத்தாளில் விடை தெரியாத இடத்தைச் சொல்லாரவாரத்தால் மூடும் வழக்கமுடைய எம்மனோர்க்கு இஃது எளிதிற் கைவரக் கூடியதன்று.

அப்புதிர் பின்னை நாளில் விளங்கிற்று. பாலைநிலத் தூசியில் நன்னீர் உயிர்கள் எங்ஙனம் வந்தன? ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை சகாரா பாலையாக இருக்கவில்லை. அங்கு மழை பெய்தது, புல் விளைந்தது, ஏரிகள் நிரம்பி வழிந்தன. இன்று சாட் நாட்டின் வடபாலுள்ள போடெலே என்னும் பள்ளம், அன்று காஸ்பியன் கடலோடு ஒப்பிடத்தக்க ஒரு பேரேரியின் அடித்தலம். ஏரி வற்றிற்று, அதில் வாழ்ந்த டயட்டம் என்னும் கண்ணாடி ஓட்டு நுண்பாசிகள் வெண்பொடியாய்ப் படிந்தன. திபெஸ்தி, என்னெடி என்னும் இருமலைகளுக்கும் இடைப்பட்ட கணவாய் வழியே பீறிடும் காற்று அப்பொடியை வாரித் தூற்றுகின்றது. உலகத்தில் மிகுதியாகத் தூசி எழும் இடம் இதுவே என்பர். டார்வினாரின் பொட்டலம் அப்பள்ளத்தினின்றே வந்ததென்று யாம் துணியவில்லை. வற்றிய ஏரிகள் சகாராவிற் பல. அவர் கையிலிருந்தது ஏதோ ஓர் இறந்த ஏரியின் துகள் என்றே கொள்ளலாம். தென்னமெரிக்க உயிர்கள் என்னப்பட்டவை பற்றியோவெனில், ஓரிடத்தில் முதலிற் காணப்பட்ட நுண்ணுயிர் அவ்விடத்துக்கு மட்டுமே உரியதென்பது வலிய முடிவாகாது. ஆப்பிரிக்காவின் உள்நாடு அந்நாளில் அறிஞர் கண்ணுக்கு எட்டாதிருந்தது.

இனி, அத்தூசி செல்லுந் தொலைவு. குளிர்காலத்தில் அது தாழ்வாகப் பறந்து கேப் வெர்டே தீவுகளையும் தென்னமெரிக்காவையும் நாடுகின்றது. கோடையிலோ, பாலையின் வெப்பத்தால் மூன்று கல் உயரத்துக்கு எழும்பி, கடற்காற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மேற்கிந்தியத் தீவுகளைச் சென்றடைகின்றது. பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில் 1965-ஆம் ஆண்டு தொடங்கி இத்தூசியைப் பிடித்து அளந்து வந்திருக்கின்றனர். அவர்கள் செய்ததும் காற்றின் வழியில் வடிகட்டியை நிறுத்துவதேயாதலின், டார்வினார் கண்ட சல்லாத் துணியின் வழிவந்ததே அக்கருவி எனலாம். 2007 முதல் 2013 வரை வானிற் சுழலும் செயற்கைக்கோள் கொண்டு கணித்தபோது, ஆண்டொன்றுக்குச் சுமார் 18 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவின் மேற்கெல்லையைக் கடந்து கடலின்மேற் செல்வதும், அதில் 4 கோடி டன்னுக்கு மேற்பட்டது கரிபியன் கடற்பக்கம் போவதும், 2 கோடியே 70 லட்சம் டன்னளவு அமேசான் காட்டின்மேல் வீழ்வதும் புலப்பட்டன. அமேசான் மண்ணின் பாஸ்பரஸ் சத்தை மழை ஓயாது கழுவிக்கொண்டு போகின்றது. தூசியோடு ஆண்டுதோறும் வந்து சேரும் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். பாலைவனம் காட்டிற்கு எருவிடுகின்றது என்றால் யார் முதலில் நம்புவர்?

தீவுகளின் செய்தி இன்னும் சுவையுடையது. பார்படோஸும் பஹாமாவும் பெரும்பாலும் பவளச் சுண்ணாம்பாலாய வெண்ணிலங்கள். அச்சுண்ணாம்பின்மேற் செம்மண் படிந்திருப்பது எவ்வாறு? ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஆப்பிரிக்கத் தூசி வீழ்ந்து வீழ்ந்து அம்மண்ணில் ஒரு பெரும்பகுதி ஆயிற்றென்று மண்ணாராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். பார்படோஸிற் பக்கத்துத் தீவின் எரிமலைச் சாம்பலும் கலந்துள்ளது. பசிபிக் கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிலும், பழமையான மண்ணில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸில் மிகுதி ஆசியப் பாலைகளினின்று பறந்து வந்ததேயாம். நம் பக்கத்தில், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அரேபியாவின் தூசி அரபிக்கடலின்மேற் பரவுகின்றது. 2022 ஜனவரியிற் பாகிஸ்தான் பக்கத்துப் புழுதி கடல்வழியே வந்து மும்பை நகரின் வானை வெளிறச் செய்ததைப் பலரும் அறிவர். எம் திண்ணைப் புழுதி பெரும்பாலும் காணைக் கொல்லைமண்ணாகவே இருத்தல் கூடும். எனினும் பாட்டியாரின் வியப்பை இப்பொழுது யாம் நகைப்பதில்லை.

டார்வினாரிடம் மீள்வோம். அத்தூசிக் கட்டுரையில் அவர் மற்றொன்றையும் கண்டிருந்தார். கரையினின்று முந்நூறு மைலில் சேர்த்த தூசியில், ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கினும் பெரிய கல்துணுக்குகள் இருந்தன. கல்லையே காற்று இத்துணைத் தூரம் சுமக்குமாயின், பாசி காளான்களின் நுண்வித்துக்களைச் சுமப்பதற்கு என்ன தடை? கீலிங் தீவில் எழுந்த வினாவுக்கு இது பாதி விடை. மற்றப் பாதியை டவுன் இல்லத்தின் அறைகளில் தேடினார். 1855-ஆம் ஆண்டு தொடங்கி, வித்துக்களை உப்புநீரில் ஊறவைத்துப் பின் விதைத்துப் பார்த்தார். 87 வகையில் 64 வகை இருபத்தெட்டு நாள் ஊறிய பின்னரும் முளைத்தன. குளத்தங்கரைச் சேற்றை மூன்று கரண்டி எடுத்து, ஒரு கோப்பையில் இட்டு ஆறு திங்கள் மூடி வைத்தார். எழுந்த நாற்றுக்களைப் பறித்து எண்ணினால் 537. கௌதாரியொன்றின் காலில் ஒட்டி உலர்ந்த மண்ணுருண்டையை மூன்றாண்டு கழித்து நனைத்தார். 82 செடிகள் முளைத்தன. அவர் வீட்டிற் சட்டியும் சேறுமாகக் கிடந்த இந்நாட்களை எம்மா அம்மையார் எங்ஙனம் பொறுத்தாரோ!

துன்பமும் அவ்வீட்டை விட்டு வைக்கவில்லை. மூத்த மகள் ஆனி பத்தாம் அகவையில், 1851 ஏப்ரலில், இறந்தாள். அத்துயர் தந்தையாரின் நெஞ்சை இறுதிவரை விட்டகலவில்லை. கடவுட்பற்றில் அவருக்கு நேர்ந்த தளர்ச்சியையும் எம்மா அம்மையார் அதற்காக வருந்தியதையும் மறைத்தல் முறையன்று. எனினும் ஊர்க்குருவாகிய இன்னஸ் என்பாரோடு அவர் நட்புப் பிறழவில்லை. தென்னமெரிக்கத் திருப்பணிக் கழகத்துக்கு அவர் பொருளுதவி செய்துவந்ததும் உண்டு. 1858-இல் வாலஸ் என்பார் மலாய்த் தீவுகளினின்று அனுப்பிய கடிதத்தில், தாம் இருபதாண்டு மறைத்து வைத்திருந்த கருத்தே எழுதப்பட்டிருக்கக் கண்டு திகைத்தார். அத்திங்களிலேயே அவருடைய கைக்குழந்தையும் செங்காய்ச்சலால் இறந்தது. இருவர் எழுத்தும் ஜூலை முதல்நாள் ஒருங்கே ஓர் அவையிற் படிக்கப்பெற்றன. 1859 நவம்பர் 24-ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் 1,250 படிகளாக வெளிவந்தது. தீவுகளுக்கு உயிர்கள் சென்றேறியதைப் பற்றிய அதன் பகுதிகளில் சேறும் கௌதாரிக்காலும் உப்புநீர் வித்துக்களும் இடம்பெற்றன.

முதுமையில் அவர் மண்புழுவை நாடினார். 1842-இல் ஒரு வயலிற் பரப்பிய சுண்ணாம்புக் கற்றூளை 1871-இல் தோண்டிப் பார்த்து, இருபத்தொன்பது ஆண்டில் புழுக்கள் அதனை ஏழங்குலம் புதைத்துவிட்டன என்று அளந்தார். புழுக்களுக்குக் காது கேட்குமோ என்றறிய, அவற்றின் பக்கத்திற் குழலும் பியானோவும் இசைப்பித்தார். 1881-இல் வெளிவந்த அந்நூலே அவர் கடைசி நூல். 1882 ஏப்ரல் 19-ஆம் நாள் டவுன் இல்லத்தில் உயிர்நீத்து, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நியூட்டனுக்கு அணித்தே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் இன்னும் ஒன்றரை ஆண்டு வாழ்ந்திருப்பின், தூசியின் ஆற்றலை உலகமே கண்ட காட்சியைத் தாமும் கண்டிருப்பார். 1883 ஆகஸ்டில் கிரக்கதோவா எரிமலை வெடித்தெழுந்த தூசி இரண்டு வாரத்தில் உலகை ஒருமுறை சுற்றிற்று. செப்டம்பரிற் சென்னை நகரத்தாரும் இலங்கையாரும் கதிரவனைப் பச்சை நிறமாகக் கண்டு மருண்டனர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அதனை நாள்தோறும் நோக்கிக் குறித்து வைத்தார். பின்னாளிற் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவித் தலைமை வகித்தவர் அவரே.

எரன்பர்க்குக்கு டார்வினார் அனுப்பிய தூசி, பெர்லின் இயற்கைப்பொருட் காட்சிசாலையில் முத்திரையிட்ட உறைகளில் இருந்துவந்தது. உலகப் போர்கள் இரண்டு அந்நகரின் மேற் சென்றன. எரன்பர்க் தொகுத்து வைத்தவற்றினின்று சிறிது எடுத்துப் புத்தாராய்ச்சி செய்தவர்கள் 2007-இல் தம் முடிவை வெளியிட்டனர். தூசி மேற்கு ஆப்பிரிக்கப் பாலையினுடையதே என்று மண்ணின் கூறுகள் காட்டின. பின் அதனைச் சத்துள்ள கூழில் இட்டு வைத்தனர். ஏறக்குறைய 170 ஆண்டுகள் நீரின்றி உறையிற் கிடந்த அத்தூளினின்று பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் முளைத்தெழுந்தன.